படைவீரர் வாங்கும் வீடும் தரகர் நிற்கும் பக்கமும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

நமது சங்கங்களில் கடன் மனு ஒன்று பஞ்சாயத்தார் முன் வைக்கப்படும்பொழுது முதலில் எழும் கேள்வி, "ஜாமீன் யார்?" என்பதாகும். மனுதாரர் எவ்வளவு நாணயமுள்ளவராயினும், அவருக்காகக் கையெழுத்திடத் தக்கவர் ஒருவர் இருக்கின்றாரா என்று பார்த்தே கடன் அனுமதிக்கின்றோம். இக்கேள்வியை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆனால் வீடோ நிலமோ வாங்குவோர் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. "இக்கிரயத்தைப் பேசி முடிப்பவர் யார் பக்கத்து மனிதர்?" என்பதே அது. இதனை நம்மிற் பலர் கேட்பதேயில்லை. தரகர் இனிமையாகப் பேசினார், தம் செலவில் வண்டி வைத்து அழைத்துச் சென்று காட்டினார், ஆகையால் அவர் நம்மவரே என்று எண்ணிவிடுகின்றோம்.

இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று வேறானவை. முதற் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தமையால் இரண்டாவதை மறந்துவிடலாகாது. இதனை விளக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் முன்னாள் படைவீரர்கள் வீடு வாங்கும் முறையைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அங்கே சர்க்காரே படைவீரருக்கு ஜாமீன் நிற்கின்றது. அவ்வாறிருந்தும், பேரத்தில் அவர் பக்கம் நிற்பதற்கு ஆள் உண்டா, அந்த ஆளுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்னும் விஷயங்கள் 2024-ஆம் வருஷத்திற்கூடப் பெரிய பிரச்சினையாயின. அவ்வரலாற்றை அங்கத்தினர்கள் அறியுமாறு இங்கு எழுதலானேன்.

ஜாமீன் ஏற்பட்ட வரலாறு

இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, திரும்பிவரும் லட்சக்கணக்கான போர்வீரர்களுக்குப் படிப்பும் வேலையும் வீடும் கிடைப்பது எவ்வாறு என்னும் கவலை அத்தேசத்தாருக்கு உண்டாயிற்று. ஆகவே 1944-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். ஜனங்கள் அதனைச் சிப்பாய்கள் சட்டம் என்னும் பொருளில் ஜி.ஐ. சட்டம் என்று வழங்கலாயினர். அதன் ஒரு பகுதி வீட்டுக் கடனைப் பற்றியது.

சர்க்கார் வீரர்களுக்குப் பணத்தை நேரே கடனாகக் கொடுக்கவில்லை. பாங்கிகளும் கடன் ஸ்தாபனங்களும் கொடுத்தன. அக்கடனில் ஒரு பகுதிக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது. முதற் சட்டத்தில் ஜாமீன் கடனிற் பாதிக்கு மேற்படாமலும் 2,000 டாலருக்கு மேற்படாமலும் இருந்தது. வட்டி நூற்றுக்கு 4-க்கு மேல் வாங்கலாகாது. கடனை 20 வருஷங்களுக்குள் தீர்க்க வேண்டும். இவை போதாவென்று கண்டு மறு வருஷமே, அதாவது 1945-இல், ஜாமீன் வரம்பை 4,000 டாலராகவும் கெடுவை 25 வருஷமாகவும் உயர்த்தினர். 1944 முதல் 1952 வரையில் ஏறக்குறைய 24 லட்சம் வீட்டுக் கடன்களுக்கு இவ்வாறு சர்க்கார் ஜாமீன் கிடைத்தது. பட்டாளத்திலிருந்து வந்த தொழிலாளியும் குமாஸ்தாவும் சொந்த வீட்டிற் குடியேறியது இதனாலேயே.

ஜாமீன் வேலை செய்யும் விதம்

இக்காலத்தில் இத்திட்டத்தை நடத்துவது அத்தேசத்து முன்னாள் படைவீரர் விவகார இலாகாவாகும். இனி இதனைச் சுருக்கமாக இலாகா என்றே குறிப்பிடுவேன். 1,44,000 டாலருக்கு மேற்பட்ட கடன்களுக்குப் பொதுவாகக் கடனிற் காற்பங்குக்கு இலாகா ஜாமீன் நிற்கின்றது.

உதாரணமாக, ஒரு வீரர் 3,00,000 டாலர் விலையுள்ள வீட்டைக் கையிலிருந்து முன்பணம் ஒன்றும் போடாமல் முழுவதும் கடனாகவே வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவருக்கு 75,000 டாலர் வரையில் ஜாமீன் உண்டு. சில வருஷங்களுக்குப் பின் வீரர் தவணை கட்ட முடியாமற்போய், பாக்கி 2,90,000 டாலராக இருக்கையில் வீடு ஏலத்தில் 2,40,000 டாலருக்கே போயிற்று என்றால், நஷ்டம் 50,000 டாலர். அஃது ஜாமீன் தொகைக்கு உட்பட்டதாகையால் கடன் கொடுத்தவர் இலாகாவிடம் பெற்றுக்கொள்ளலாம். இந்தத் தைரியம் இருப்பதனாலேயே முன்பணம் கேளாமற் கடன் கொடுக்கின்றனர்.

ஜாமீன் கடன்காரரைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று; கடன் கொடுத்தவரைக் காப்பதற்கே ஏற்பட்டது. இதனை நம் சங்க அங்கத்தினர் நன்கு அறிவர். ஏலம் போனால் வீடு போனது போனதுதான். அன்றியும், இலாகா கொடுத்த நஷ்டத்தை வீரர் திரும்பக் கட்டித் தீர்க்கும் வரையில் அவருடைய உரிமையில் அவ்வளவு பாகம் அடைபட்டே கிடக்கும்.

ஜாமீனைப் பெற விரும்புவோர் முதலில் இலாகாவிடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இப்பொழுது படையிலிருப்பவராயின் தொடர்ந்து 90 நாட்கள் சேவை செய்திருத்தல் வேண்டும். முன்னாள் வீரர்களுக்கு அவர்கள் பணிபுரிந்த காலத்தைப் பொறுத்து நாட்கணக்கு மாறும். சேவையில் இறந்த வீரரின் மனைவிக்கும் சில நிபந்தனைகளின்படி இவ்வுரிமை உண்டு. வாங்கும் வீட்டில் அவர் தாமே குடியிருக்க வேண்டும்; வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்க இடமில்லை. உரிமை முழுவதும் மீதமிருப்போருக்குக் கடன் தொகையில் உச்சவரம்பு 2020-ஆம் வருஷம் ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் கடன் கொடுப்பவர் வீரரின் சக்தியைப் பார்த்தே கொடுப்பார். வரி, தவணை, வீட்டுப் பராமரிப்பு முதலியவை போகக் குடும்பச் செலவுக்கு மாதந்தோறும் எவ்வளவு எஞ்சும் என்று கணக்கிடுவது இத்திட்டத்தின் ஒரு விசேஷம். குடும்பத்தில் எத்தனை பேர், எந்தப் பிரதேசத்தில் வாசம் என்பவற்றை அனுசரித்து அத்தொகை நிர்ணயிக்கப்படும்.

இதற்கு நிதிக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2023-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதன்முறை முன்பணமின்றி வாங்குவோர் நூற்றுக்கு 2.15-ம், மறுமுறை அவ்வாறு வாங்குவோர் நூற்றுக்கு 3.3-ம் கட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ முன்பணம் போட்டால் கட்டணம் குறையும். சேவையினால் ஏற்பட்ட ஊனத்திற்காக உதவித்தொகை பெறுவோருக்கு இக்கட்டணமே இல்லை. மேற்சொன்ன வீட்டிற்கு இது 6,450 டாலராகும். இதனைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். இச்சலுகையை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் இதன் அவசியம் விளங்கும்.

ஜாமீன் இருந்தும் கடன் கிடையாதவர்கள்

ஜாமீன் மாத்திரம் போதாதென்பதற்கு இச்சட்டத்தின் முதல் வருஷங்களே சாட்சி. சட்டத்தின் வாசகத்தில் வெள்ளையர், கருப்பர் என்னும் பேதம் இல்லை. ஆயினும் கடன் கொடுப்பவை ஊர்ப் பாங்கிகள். வீடு விற்பவர் ஊரார். இடையே நிற்பவர் ஊர்த் தரகர். மிஸிஸிப்பி மாகாணத்து நகரங்களில் 1947-ஆம் வருஷம் எடுத்த கணக்கில், இலாகாவின் ஜாமீனுடன் வீட்டிற்கும் தொழிலுக்கும் பண்ணைக்கும் கொடுக்கப்பட்ட 3,229 கடன்களிற் கருப்பு வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அதே வருஷத்தில் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்னும் புதிய குடியிருப்பு எழலாயிற்று. அங்கே வீரர்களுக்கென்று ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளையரல்லாதார் அவ்வீடுகளிற் குடியிருத்தலாகாது என்று ஷரத்தும் எழுதப்பட்டது. இத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமுல் நடத்தலாகாது என்று 1948-இல் அத்தேசத்து உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு விற்பதில் நிறபேதம் பார்ப்பதைச் சட்டமே விலக்கியது 1968-இல் ஆகும்.

ஒரே யுத்தத்திற் சென்று திரும்பிய இருவரிடம் ஒரே சான்றிதழ் இருந்தது. ஒருவர் வீட்டிற் குடியேறினார். மற்றவர் வாசலிலேயே நின்றார். சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அவருக்காகப் பேச ஊரில் ஒருவரும் இல்லாமையே அதற்குக் காரணம்.

மதிப்பீடும் அச்சாரமும்

இலாகா வீரருக்குச் செய்யும் மற்றொரு நன்மை மதிப்பீடாகும். விலை பேசி முடிந்ததும் இலாகாவின் ஜாபிதாவிலுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டைப் பார்த்து நியாயமான மதிப்பைக் குறிப்பார். கூரை ஒழுகாமை, நல்ல தண்ணீர், கழிவுநீர்ப் போக்கு, குளிர்காலத்திற்கு வேண்டிய வெப்ப வசதி முதலிய குறைந்தபட்சத் தேவைகள் உள்ளனவா என்றும் பார்ப்பார். கறையான் தொல்லை மிகுந்த பிரதேசங்களில் அதற்கெனத் தனிப் பரிசோதனையும் உண்டு.

பேசிய விலையைவிட மதிப்புக் குறைந்துவிடின் என்ன செய்வது? இதற்கென்றே உடன்படிக்கையில் விடுவிப்பு ஷரத்து ஒன்று எழுதப்பட வேண்டும் என்பது விதி. மதிப்பு குறைந்தால் வீரர் கிரயத்தை முடிக்கக் கட்டுப்பட்டவரல்லர். கொடுத்த அச்சாரத்தையும் இழக்க மாட்டார். விருப்பமிருந்தால் வித்தியாசத்தைக் கைப்பணமாகக் கொடுத்து வாங்கலாம்; அல்லது விலையைக் குறைக்கும்படி பேசலாம்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. மதிப்புக் குறையும்போலத் தோன்றினால் மதிப்பீட்டாளர் முன்கூட்டியே அறிவிப்பார். அக்கம்பக்கத்தில் இவ்விதமான வீடுகள் என்ன விலைக்குப் போயின என்னும் அத்தாட்சிகளைச் சமர்ப்பிக்க இரண்டு வேலை நாட்கள் மட்டுமே அவகாசம் உண்டு. அவற்றைத் தேடிக் கொடுக்கத் தக்கவர் தரகரே. வெளியூரில் முகாமிலிருக்கும் சிப்பாயால் இரண்டு நாட்களில் அது முடியுமா?

மற்றொரு எச்சரிக்கையும் செய்தல் அவசியம். மதிப்பீடு வேறு, வீட்டுப் பரிசோதனை வேறு. மதிப்பீட்டாளர் சுவரைத் திறந்து பார்ப்பவரல்லர். மின்கம்பி, குழாய், அஸ்திவாரம் ஆகியவற்றைப் பார்க்கத் தனியே ஒரு பரிசோதகரை வீரரே அமர்த்திக்கொள்ளல் வேண்டும். இதனையும் சொல்லித் தருவது நல்ல தரகரின் கடமை.

தரகர் யாருடைய மனிதர்?

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டுத் தரகர் மாகாண சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்றவராக இருத்தல் வேண்டும். ஒருவரைத் தம் பிரதிநிதியாகத் தரகர் ஏற்றுக்கொண்டால் அவரிடம் விசுவாசமாயிருத்தல், அவர் ரகசியத்தைக் காத்தல், தெரிந்ததை மறையாமற் சொல்லுதல், பணத்திற்குக் கணக்குக் கொடுத்தல் ஆகிய கடமைகள் சட்டப்படி அவரைச் சாரும்.

நெடுங்காலம் வரையில் இக்கடமைகள் யாவும் விற்பவருக்கே உரியனவாக இருந்தன. வாங்குபவரை அழைத்துச் சென்று வீடு வீடாகக் காட்டிய தரகரும் சட்டத்தின் கண்ணில் விற்பவரின் உபபிரதிநிதியே. வாங்குபவரோ, இவர் நம்முடைய மனிதர் என்று நம்பித் தம் மனத்திலிருந்ததையெல்லாம் கொட்டினர். இத்தவறான நம்பிக்கை பரவியிருந்ததை அத்தேசத்து வர்த்தகக் கமிஷன் 1983-இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அதற்குப் பின்னரே, வாங்குபவருக்கென்று தனிப் பிரதிநிதி என்னும் வழக்கம் பெருகலாயிற்று.

இதில் உள்ள ஆபத்து இன்னதென ஒரு சிறு உதாரணத்தால் விளங்கும். ஒரு வீரர் விற்பவரின் தரகரிடமே நேராகச் சென்று, "அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நான் புது முகாமில் வேலையேற்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க வேண்டும். 3,20,000 வரையிற் கொடுக்கத் தயார், ஆனால் 3,00,000-த்திற்குக் கேட்டுப் பாருங்கள்" என்கின்றார். அத்தரகர் எவ்வளவு யோக்கியராயினும், தம் எஜமானராகிய விற்பவரிடம் இதனைச் சொல்ல வேண்டியவரே ஆவார். சொல்லாவிடில் அதுவே குற்றம். வீரர் தம் வாயாலேயே 20,000 டாலரை இழந்துவிட்டார். அவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. யார் எவருடைய மனிதர் என்று அவர் கேளாமையே இதற்குக் காரணம்.

சில மாகாணங்களில் ஒரே தரகர் இரு பக்கத்தார்க்கும் எழுத்துமூலமான சம்மதத்தோடு பிரதிநிதியாயிருக்கலாம். கொலராடோ, புளோரிடா முதலிய மாகாணங்கள் இதனை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடங்களிலும் அத்தகையவர் விலையைப் பற்றி எப்பக்கத்தாருக்கும் மனம் திறந்து யோசனை சொல்ல இயலாதவராகின்றார். எதிரிக் கட்சிக்காரர் இருவருக்கும் ஒரே வக்கீல் வாதாடினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் நிலைமை தெரியும்.

காப்பாற்ற வந்த விதியே தடையான விந்தை

வாங்குபவரின் பிரதிநிதிக்குக் கூலி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விற்பவரின் பணத்திலிருந்துதான். விற்பவர் தம் தரகருக்குக் கிரயத் தொகையில் நூற்றுக்கு ஐந்து ஆறு என்று கொடுக்க, அவர் அதில் ஏறக்குறையப் பாதியை வாங்குபவரின் தரகருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். தரகர்கள் யாவரும் பார்க்கும் கூட்டு விற்பனைப் பட்டியலிலேயே அப்பங்கு இவ்வளவு என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வழக்கம் இருந்தமையால் வீரர்களுக்குத் தரகுச் செலவு என்று தனியாக ஒன்று தோன்றவில்லை. வீரரிடம் பலரும் பல பெயரால் கட்டணம் பறிக்காதிருக்க, அவர் இன்ன இன்ன செலவுகளை மாத்திரமே கொடுக்கலாம் என்று இலாகா ஒரு ஜாபிதா ஏற்படுத்தியிருந்தது. அதன்படி வீரர் தரகுக் கூலி கொடுத்தல் கூடாது. நல்லெண்ணத்தோடு செய்த விதியே. பல வருஷங்கள் நன்மையே செய்தது.

2023-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி மிஸௌரி மாகாணத்துக் கன்ஸாஸ் நகரில் ஜூரிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். வாங்குபவரின் தரகருக்கு விற்பவர் கூலி கொடுக்கும்படி செய்யும் வழக்கம் போட்டியை ஒழிக்கும் கூட்டுச்சதி என்று வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கு அது. தேசியத் தரகர் சங்கத்தின் மீதும் பெரிய தரகு ஸ்தாபனங்கள் மீதும் சுமார் 178 கோடி டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. அதன்பின் 2024 மார்ச்சில் தரகர் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுப்பதாகவும் விதிகளை மாற்றுவதாகவும் ராஜி செய்துகொண்டது. புதிய விதிகள் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி அமுலுக்கு வந்தன. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கூட்டு விற்பனைப் பட்டியலில் வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு பங்கு என்று இனிக் குறித்தல் கூடாது. இரண்டு, வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுமுன்னரே அவருடைய தரகர் அவரோடு எழுத்துமூலமாக உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். கூலி இவ்வளவு என்று அதில் திட்டமாக எழுத வேண்டும்.

பொதுவாகப் பார்த்தால் இது நல்ல மாறுதல். தரகர் யாருடைய மனிதர், அவர் கூலி என்ன என்பவை வெளிச்சத்திற்கு வந்தன. ஆனால் வீரரின் கதி என்னவாயிற்று? விற்பவர் கூலி கொடுக்க மறுத்தால் மற்ற ஜனங்கள் தம் கையிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம். வீரர் கொடுப்பதை இலாகாவின் விதியே தடுத்தது. பிரதிநிதியில்லாமற் பேரம் பேசுவது, அல்லது அந்த வீட்டையே விடுவது என்னும் நெருக்கடி வரவிருந்தது. வீரரைக் காக்க இட்ட வேலி அவரையே உள்ளே வைத்து அடைப்பதாயிற்று.

இதனை உணர்ந்த இலாகா, புதிய விதிகள் வருமுன்னரே, 2024 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் வீரர்கள் தங்கள் தரகருக்கு நியாயமான கூலி கொடுக்கலாம் என்று தற்காலிக ஏற்பாடாக உத்தரவு செய்தது. எனினும் அவ்வுத்தரவில் ஒரு நிபந்தனை உண்டு: அக்கூலியைக் கடனோடு சேர்த்தலாகாது, வீரரிடம் அதற்குப் போதிய ரொக்கம் உள்ளதா என்று கடன் கொடுப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிதிக் கட்டணம் 6,450 டாலரைக் கடனோடு சேர்க்கலாம் என்று மேலே கண்டோம். தரகுக் கூலியாகிய 7,500 டாலரை, அதாவது நூற்றுக்கு இரண்டரையை, சேர்க்க முடியாது. கையில் ரொக்கமில்லாதவருக்கென்றே ஏற்பட்ட திட்டத்தில், தமக்காகப் பேசுபவரை அமர்த்துவதற்கு மாத்திரம் ரொக்கம் வேண்டியதாயிற்று. விஷயத்தின் கஷ்டம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது.

ரொக்கமில்லாதவர் செய்யத்தக்கவை

வழிகள் இல்லாமலில்லை. முதலாவது, விலை கேட்கும் பத்திரத்திலேயே, "வாங்குபவரின் தரகர் கூலியை விற்பவர் கொடுக்க வேண்டும்" என்று எழுதிக் கேட்பது. பட்டியலில் விளம்பரம் செய்வதுதான் நின்றதேயன்றி விற்பவர் கொடுப்பது தடைப்படவில்லை. விற்பவர் வீரருக்குச் செய்யும் சலுகைகள் மதிப்பில் நூற்றுக்கு நாலுக்கு மேற்படலாகாது என்று ஒரு வரம்பு உண்டு. தரகர் கூலியை விற்பவர் ஏற்றுக்கொள்வது அவ்வரம்பிற் சேராது என்று இலாகா தெளிவாக்கியுள்ளது.

இரண்டாவது, விலையைச் சற்று உயர்த்திக் கொடுத்து, அவ்வுயர்விலிருந்து விற்பவர் கூலியைக் கொடுக்கும்படி பேசுவது. 3,00,000-த்திற்குப் பதிலாக 3,07,500 என்று கேட்பர். இதில் இரண்டு விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். இலாகாவின் மதிப்பீடு 3,07,500-ஐ எட்ட வேண்டும்; எட்டாவிடில் மீண்டும் பேரம் தொடங்கும். எட்டினாலும், அந்த 7,500 டாலருக்கு வட்டி உண்டு. நூற்றுக்கு 6 வட்டியில் 30 வருஷத் தவணையானால் மாதம் சுமார் 45 டாலராக, முடிவில் ஏறக்குறைய 16,200 டாலர் ஆகின்றது. தெருவாசல் வழியே வரக்கூடாதென்ற செலவு கொல்லைவாசல் வழியே இரட்டிப்பாக நுழைகின்றது என்பதை அறிந்தே இதற்கு இணங்க வேண்டும்.

மூன்றாவது, கூலியையே பேரம் பேசுவது. தரகர் கூலி சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டதன்று, பேசிக்கொள்ளத்தக்கது என்று உடன்படிக்கையிலேயே எழுத வேண்டுமென்பது புதிய விதி. விகிதத்திற்குப் பதிலாக ஒரே தொகையாகவும் பேசிக்கொள்ளலாம். விகிதக் கூலியில், விலை ஏற ஏறத் தரகருக்கு ஆதாயம் என்னும் குறையும் உண்டு.

கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை

உடன்படிக்கையைப் படியாமல் ஒருவரும் கையெழுத்திடலாகாது. சங்கங்களைத் தணிக்கை செய்யும்பொழுது, தாம் போட்ட கையெழுத்து எதற்கென்று அறியாத ஜாமீன்தாரரை நான் அடிக்கடி சந்திக்கின்றேன். கடல் கடந்த தேசத்திலும் இக்குறை உண்டு. பார்க்க வேண்டியவை வருமாறு:

1. தரகர் எனக்கு மாத்திரம் பிரதிநிதியா, இரு பக்கத்தார்க்குமா? அவருடைய ஸ்தாபனமே விற்பவருக்கும் பிரதிநிதியாயின் என்ன செய்வார்?

2. கூலி எவ்வளவு? எழுதியதற்கு மேல் எவரிடமிருந்தும் அவர் வாங்குதல் கூடாது. விற்பவர் கொடுத்தால் என் பொறுப்பு அந்த அளவிற்குக் குறையுமா?

3. உடன்படிக்கை எத்தனை நாளைக்கு? எந்த ஊர் எல்லைக்கு? ஒரே நாளைக்கோ ஒரே வீட்டிற்கோ எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. படையிலிருப்பவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் எவ்வாறு விடுபடுவது?

4. இலாகாக் கடனில் முன்பே கிரயம் முடித்துக்கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டா? இக்கடன் தாமதமாகும், தொல்லை தரும் என்று எண்ணி வீரரின் கேள்விப் பத்திரத்தையே ஒதுக்கும் விற்பவர்கள் உளர். அந்த எண்ணத்தை நீக்கிப் பேசத் தெரிந்தவராக அவர் இருத்தல் வேண்டும்.

5. இவரை எனக்குக் காட்டியவர் யார்? கடன் கொடுப்பவர் தரகரைக் காட்டுவதும், தரகர் கடன் கொடுப்பவரைக் காட்டுவதும் சாதாரணம். அதற்காகக் கடன் கொடுப்பவரும் தரகரும் ஒருவருக்கொருவர் ரகசியமாக லஞ்சப் பணம் கைமாற்றுவதை 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கின்றது. எவ்வாறாயினும், காட்டியவர் சொன்னார் என்பதற்காக ஒருவரையும் அமர்த்த வேண்டுவதில்லை. இரண்டு மூன்று பேரைக் கண்டு பேசுவது நலம்.

விற்கும்பொழுதும் இதே விஷயம்

படைவீரர் சில வருஷங்களில் வேறு ஊருக்கு மாற்றப்படுவது இயல்பு. அப்பொழுது வீட்டை விற்க நேரிடும். இலாகாக் கடனுக்கு ஒரு விசேஷம் உண்டு: வாங்குபவர் தகுதியுள்ளவராயின், அதே குறைந்த வட்டியோடு அக்கடனைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளலாம். வட்டி விகிதம் ஏறிய காலத்தில் இது விற்பவருக்குப் பெரிய அநுகூலம். ஆனால் கடனை ஏற்பவர் முன்னாள் வீரரல்லராயின், முதல் வீரரின் ஜாமீன் உரிமை அக்கடன் தீரும் வரையில் அதிலேயே சிக்கிக்கொள்ளும். தம்மைப் பொறுப்பினின்றும் விடுவித்ததாக எழுத்துமூலமான விடுதலையும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிடில் பிறர் தவறும் தவணை இவர் தலையில் வந்து விழும். நல்ல பிரதிநிதி இதனை முதல் நாளே சொல்லுவார். தரகில் மாத்திரம் கண்ணுள்ளவர் சொல்லமாட்டார்.

முடிவுரை

அங்கத்தினர்களே, மேற்கூறியவற்றால் தெரியவருவது ஒன்றே. சர்க்காரே முன்வந்து ஜாமீன் நின்ற தேசத்திலும் ஜாமீன் ஒருவரை வாசல் வரையிற்றான் கொண்டுபோய் விடுகின்றது. உள்ளே நடக்கும் பேரத்தில், அவர் நலத்தைத் தம் நலமாகக் கொண்டு பேசுபவர் ஒருவர் வேண்டும். அத்தகையவர் இலவசமாகக் கிடைப்பதில்லை. கூலியை யார் கொடுத்தாலும், எவ்வளவு என்று தெரிந்திருந்தால் மட்டுமே அவர் நம்முடையவர். தெரியாத கூலி வாங்குபவர் யாருடையவர் என்பதும் தெரியாது.

ஆகையால் தூர தேசத்து வீரராயினும் சரி, சங்கக் கடன் வாங்கி ஒரு மனை வாங்கும் நம் அங்கத்தினராயினும் சரி, அச்சாரம் கொடுக்குமுன் தரகரை உட்காரவைத்து மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஐயா, தாங்கள் யாருக்காகப் பேசுகின்றீர்கள்? தங்கள் கூலி எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யார்? இவ்விரண்டையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடுவீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம். சொல்லத் தயங்குபவர் காட்டும் வீடு எவ்வளவு அழகாயிருப்பினும், அன்று அதனைப் பார்க்கப் போகாமலிருப்பதே நலம்.